சுபோதினி அக்கா படித்த அரைக் கோர்ஸ்

வெள்ளவத்தையில் கார் ஓடப் பழகிய பெண்களில் பாதிப்பேர் சுபோதினி அக்காவிடம்தான் பழகியிருப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. முப்பத்தாறு வயதில், மருந்துக்கடை வேலைக்குப் போவதற்கு முன்னால், காலை ஆறரை மணிக்கு ஹம்டன் லேன் முனையில் போய் நின்றேன். கூரையில் 'எல்' பலகை வைத்த வெள்ளை அல்டோ ஒன்று வந்து நின்றது. சாரதி ஆசனத்திலிருந்து ஒரு குள்ளமான பெண் இறங்கி, என்னை அதில் இருத்திவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டார்.

“பயமோ?” என்றார்.

“ஓம் அக்கா.”

“நல்லது. பயமில்லாத ஆக்களோடதான் எனக்குப் பயம். கிளச்சை மிதியுங்கோ.”

அன்றிலிருந்து நாலு மாதம் பழகினேன். அதே நாலு மாதத்தில் அவர் தன்னுடைய ஒரு விஷயத்தில் முடிவெடுக்க அலைந்துகொண்டிருந்தார். அந்தக் கதையில் பாதியை மரைன் டிரைவில் இரண்டாம் கியரில் ஊர்ந்தபடியே கேட்டேன். நடுநடுவே, “கண்ணாடியைப் பாருங்கோ, என்னைப் பாக்காதேங்கோ” என்பார். மீதியைப் பிறகு, அவருடைய வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டேன்.

சுபோதினி அக்காவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய தொண்ணூற்றைந்தாம் ஆண்டில், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். சோதனைக்கு அவருக்கு ஆறு கிழமை இருந்தது. ஒரு வருடம் பிந்தி அதை எழுதிப் பாஸ் பண்ணினார். அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை. கொழும்புக்கு வந்து, காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த லேனர்ஸில் விண்ணப்பப் படிவம் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தார். சாரதிப் பயிற்சி தரும் இடத்தைக் கொழும்பில் எல்லோரும் லேனர்ஸ் என்றுதான் சொல்வது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா நிற்கும் காரில் அவரும் ஓடப் பழகினார். அங்கே பெண்களுக்குப் பழக்கிய அம்மா கனடாவுக்குப் போனபோது, முதலாளி ஸவாஹிர் நானா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். இவர் படிவக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, “நான் செய்யிறன் நானா” என்றார். இருபது வருடத்துக்கு மேலாக அதையே செய்கிறார்.

ஸவாஹிர் நானா நல்ல மனிதர். மத்தியான வெயிலில் வரும் பயிற்சியாளர்களுக்குத் தன் கையாலேயே தோடம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுப்பார். ஆனால் எதையும் நேரே சொல்ல மாட்டார். கொட்டாஞ்சேனையில் இரண்டாவது கிளை திறக்கப் போவதாக அவர் அறிவித்த அன்று, சுபோதினி அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“அங்க மெனேஜரா ஆரைப் போடப் போறீங்கள் நானா? நான் செய்யலாம் எண்டு நினைக்கிறன்.”

ஸவாஹிர் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏலும் சுபோ, ஒங்களுக்கு ஏலும். ஆனா மெனேஜர் எண்டா இந்தக் காலத்துல ஒரு பிஸ்னஸ் சேட்டிபிகேட் சரி ஈக்கணும்தானே? எங்கட மகள் ஆதிபாவும் அதத்தான் செல்றா. ஒண்டு செஞ்சிட்டு வாங்களேன், பாப்பம்.”

அடுத்த கிழமையே ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சமூகக் கல்லூரி, வணிக முகாமைத்துவச் சான்றிதழ், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு, இரண்டு தவணை. கட்டணம் தொண்ணூறாயிரம் ரூபா. சுபோதினி அக்காவின் ஒரு மாதச் சம்பளமும் அடுத்த மாதச் சம்பளத்தில் கொஞ்சமும் சேர்ந்தால்தான் அந்தத் தொகை வரும்.

வீட்டில் மேசைக்கு நடுவே அந்தத் தாளை வைத்தார். கணவர் புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. அவர் தாளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “உமக்கு விருப்பம் எண்டாச் செய்யும்” என்றார். அவர் எப்போதும் சொல்வது அதுதான். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது என்று சுபோதினி அக்கா என்னிடம் முறைப்பட்டார்.

மகள் நிருஷா ஏ.எல். வர்த்தகப் பிரிவில் படிப்பவள். அவள் தாளை வாங்கி, பாடத் தலைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினாள். “இது பதினொண்டாம் வகுப்பில படிச்சது. இது போன வருஷம். இது இப்ப நடக்குது. அம்மா, உதெல்லாம் என்ட புத்தகத்திலேயே இருக்கு. தொண்ணூறாயிரம் குடுக்கிறதுக்கு அதை எடுத்து வாசியுங்கோவன்.”

“அதுவும் சரிதான்” என்று சுபோதினி அக்கா அன்றைக்கே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். முதலாம் அத்தியாயம், வணிகத்தின் சூழல். மூன்றாம் பக்கத்தில் கண் சொருகியது. மறுநாள் ஏழாம் பக்கம் வரை போனார். ஐந்தாம் நாள் நிருஷாவுக்கே புத்தகம் தேவைப்பட்டது. “நல்லவேளை, கேட்டு வாங்கினாள்” என்று என்னிடம் சொன்னார். “சிக்னல் போடாமல் திரும்பாதேங்கோ.”

காசைக் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். புறக்கோட்டையில் பஸ் மாறி, அந்தக் கல்லூரி இருந்த ஒழுங்கையைத் தேடிப் பிடித்தார். கவுண்டரில் இருந்த பிள்ளை படிவத்தை நீட்டினாள்.

“படிவம் பிறகு தங்கச்சி” என்றார் இவர். “இதைப் படிச்சு முடிச்ச ஆக்கள் இப்ப என்ன செய்யினம்?”

அந்தப் பிள்ளையிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது. “எல்லாரும் நல்லா இருக்காங்க மிஸ்” என்றாள்.

“நல்லா இருக்கட்டும். ஒரு ரெண்டு பேரோட கதைக்கலாமோ?”

அவள் உள்ளே போய்க் கேட்டு வந்தாள். பழைய மாணவர்கள் சிலருக்கு அங்கேயே தொலைபேசி எடுத்தாள். அதில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். ஒருவர் கொச்சிக்கடையில், நடந்து போகும் தூரத்தில் இருந்தார். அவர் பெயர் பேர்னாட். துறைமுகத்துச் சாமான்கள் வைக்கும் ஒரு பண்டகசாலையில் எழுதுவினைஞர். அன்று மதிய இடைவேளைக்கு வெளியே வந்தவர், அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இவரை இருத்திக் கதைத்தார்.

“சர்ட்டிபிகேட் வீட்டு ஹோல்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கேன் மிஸ். வர்றவங்க எல்லாம் பார்ப்பாங்க” என்றார்.

“வேலையில உயர்வு கிடைச்சதோ?”

“பொஸ்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கங்ராஜுலேஷன்ஸ்னு சொல்லிக் கை குடுத்தார். அந்த வருஷம் சூப்பர்வைசர் வேலைக்கு அவர் மச்சானைப் போட்டுட்டார்.” பேர்னாட் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “முதல்லயே பொஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான் கேக்கல. எடுத்தாத் தருவார்னு நானாவே நெனச்சிக்கிட்டேன்.”

அந்த ஒரு வசனத்தைச் சுபோதினி அக்கா பஸ் ஏறும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாராம்.

அடுத்த ஞாயிறு, சம்மதித்த மற்றவரான லுத்பியாவைப் பார்க்கக் கொலன்னாவைக்குப் போனார். எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கம், நெருக்கமாகக் கட்டிய வீட்டு வரிசையில் ஒன்று. முன்னறை முழுக்கக் கறுப்புத் துணி. லுத்பியா அபாயா தைத்து, தொலைபேசியில் படம் போட்டு விற்பவர். முஸ்லிம் வழக்கப்படி அக்காவைத் 'தாத்தா' என்று கூப்பிட்டு, ஒரு கையால் துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

“நாலு வருஷமா தச்சேன் தாத்தா. ஓடர் வந்துட்டே ஈக்கும். ஆனா மாசக் கடைசில கைல ஒண்டும் நிக்காது. எனத்துக்கெண்டு எனக்கு வெளங்கவே இல்ல. அந்தக் கோர்ஸ்ல மூணாவது கிழமை, ஒரு சாமானுக்கு என்னென்ன செலவு எண்டு எழுதச் சென்னாங்க. நூலு, கரண்டு, பட்டன், டெலிவரிக்காரனுக்குக் குடுக்கிறது, எல்லாத்தையும் எழுதிக் கூட்டிப் பாத்தா, ஒவ்வொரு அபாயாவோடயும் எழுவது ரூவா நான் சேத்துக் குடுத்திருக்கேன்!”

“கடவுளே.”

“நாலு வருஷம்! அண்டைக்கு வகுப்புல அழுதுட்டேன். அதுக்குப் பொறகு வெலைய மாத்தினேன். இப்ப ரெண்டு புள்ளையள் என்ட கையில வேல செய்றாங்க.”

“அப்ப தொண்ணூறாயிரம் பெறுமதி எண்டுறீங்கள்?”

லுத்பியா யோசித்தார். “முதல் டேர்ம் பெறும். ரெண்டாவதுல மனித வளம், அலுவலகத் தொடர்பாடல் எண்டு கொஞ்சம் ஈந்திச்சு. அப்ப என்ட வீட்டுல மனித வளம் எண்டா நான் மட்டும்தானே.”

“சேட்டிபிகேட் எங்க வச்சிருக்கிறீங்கள்?”

லுத்பியா அறையைச் சுற்றிப் பார்த்தார். துணிக் குவியலைப் பார்த்தார். “எங்கயோ ஈக்கி” என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே, லேனர்ஸ் திறந்த கையோடு, சுபோதினி அக்கா ஸவாஹிர் நானாவின் மேசைக்கு முன்னால் போய் இருந்தார். வழமையாக அவர் நின்றபடிதான் கதைப்பார். இருந்ததைக் கண்டதுமே நானா உஷாராகிவிட்டார்.

“நானா, நான் அந்தக் கோர்ஸைப் படிச்சு முடிச்சா, கொட்டாஞ்சேனை எனக்குத்தானே?”

“இன்ஷா அல்லாஹ், பாப்பம்.”

“அப்பிடி இல்லை நானா. ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ.”

“எழுதவா? இருவது வருஷமாப் பழகின நமக்குள்ள எனத்துக்குக் கடதாசி? என்ட வாய்ச் சொல்லு போதாதா?”

“போதும். அப்ப வாயாலயே சொல்லுங்கோ. சேட்டிபிகேட்டைக் கொண்டு வாற அண்டைக்கு நீங்கதான் மெனேஜர் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்.”

ஸவாஹிர் நானா வாயைத் திறந்தார். மூடினார். பிளேன்டியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். ஜன்னலுக்கு வெளியே காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போவதைப் பார்த்தார். கடைசியில் கோப்பையை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

“சுபோ, ஆதிபா ஒண்டும் செல்லல்ல. நான்தான் சென்னேன். நீங்க காரால எறங்கி மேசைக்குப் போயிட்டா, இங்க வாற பொம்புளப் புள்ளையளுக்கு யாரு பழக்குற? அவங்க எல்லாம் வேற லேனர்ஸுக்குப் போயிருவாங்க. வாணாம் எண்டு ஒங்கட மொகத்தப் பாத்துச் செல்லவும் ஏலாம ஈந்திச்சு. அதான், ஒரு ஆறு மாசம் இழுப்பம் எண்டு...”

“ஆறு மாசம் இழுக்கிறதுக்கு என்ட தொண்ணூறாயிரமோ?”

நானா தலையைக் குனிந்துகொண்டார். சுபோதினி அக்கா எழுந்து, படியிறங்கி, காரில் ஏறினார். அன்று முதலில் ஏறிய மாணவி நான். கதவைச் சாத்திய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. தெஹிவளைப் பாலம் வரை “இடது”, “வலது” என்று மட்டும் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் இறங்கியது. “வாயைத் திறந்து திறந்து மூடினவர், மீன் மாதிரி” என்று செய்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்து கார் நின்றுவிட்டது. பின்னாலிருந்த முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்னை அழுத்தினார்.

“அப்ப கோர்ஸ் வேண்டாமோ அக்கா?” என்று கேட்டேன்.

“அதுதான் விளங்கேல்லை” என்றார். “வேலைக்கு எண்டு பாத்தால் வேண்டாம். அது முடிஞ்சுது. ஆனால் அந்த லுத்பியா சொன்னது என்ட தலைக்குள்ள நிக்குது. ஸ்டார்ட் பண்ணுங்கோ, எல்லாரும் திட்டுறாங்கள்.”

கல்லூரியில் புது வகுப்பு தொடங்கும்போது முதல் நாள் யாரும் வந்து இருந்து பார்க்கலாம், காசில்லை என்று கவுண்டர்ப் பிள்ளை சொல்லியிருந்தாள். சுபோதினி அக்கா போனார். மேல்மாடி அறை. மின்விசிறி சத்தத்தோடு சுற்றியது. பதினாலு பேர் இருந்தார்கள். கேக் செய்து விற்கும் ஒரு பெண், தொலைபேசி திருத்தும் ஒருவர், சலூன் வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். விரிவுரையாளர் ஹபீஸ் ஒரு கணக்காளர். முப்பது வயதுதான் இருக்கும். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “நீங்க என்ன விக்கிறீங்க? அதோட விலைய எப்படிப் போட்டீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கேக் செய்யும் பெண் எழும்பி, “பக்கத்துக் கடைய விட அம்பது ரூபா குறைச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹபீஸ் சிரிக்கவில்லை, “அநேகம் பேர் அப்படித்தான் போடுறோம்” என்றார்.

சுபோதினி அக்காவின் முறை வந்தது. “நாங்கள் லேனர்ஸ். முப்பத்திரண்டாயிரம் கட்டினால், ட்ரயல் பாஸாகும் வரைக்கும் பழக்குவம். எத்தினை தரம் பெயிலானாலும் அதே காசு.”

ஹபீஸ் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். “ஒரு ஆள் பாஸாக எத்தனை பாடம் எடுக்கும்?”

“ஆளைப் பொறுத்தது சேர்.”

“சரி, எத்தனை பேருக்கு எத்தனை பாடம் போச்சுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா?”

இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அட்டை; ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் ஒரு கையெழுத்து. அலுமாரி நிறைய அட்டைகள். அவற்றில் பாதி இவருடைய கையெழுத்துத்தான். “இருக்கு சேர்” என்றார். “ஆனால் ஒருத்தரும் கூட்டிப் பாக்கேல்லை.”

அந்த மூன்று மணித்தியாலமும் அவருக்கு ஒருமுறைகூடத் தூக்கம் வரவில்லை. நிருஷாவின் புத்தகத்தில் ஏழு பக்கம் தாண்ட முடியாத அதே விஷயம்தான். ஆனால் இங்கே அது சலூன்காரரின் கத்தரிக்கோலைப் பற்றியும் தன்னுடைய காரின் கிளச் தட்டைப் பற்றியும் இருந்தது. தான் ஒரு கேள்வி கேட்டால் மறுமொழி வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இருபது வருடமாகத் தினமும் தொட்ட அட்டைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்து, பம்பலப்பிட்டியில் ஏறிய கூட்டத்தோடு, இறங்க வேண்டிய வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளையில் போய் இறங்கினார்.

அடுத்த நாளே கவுண்டருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, முதல் டேர்ம் மட்டும் படிக்கலாமோ?”

“அப்படின்னா சர்ட்டிபிகேட் கிடைக்காதே மிஸ்.”

“சேட்டிபிகேட் வேண்டாம். பாடம் கிடைக்குமோ?”

கவுண்டர்ப் பிள்ளை தொலைபேசியை வைக்காமலே எழும்பினாள். மீண்டும் உள்ளே போய்க் கேட்டு வந்தாள். பாதிக் கட்டணம், சோதனை எழுதினால் ஒரு கடிதம் தருவார்கள், பிறகு விரும்பினால் ஒரு வருடத்துக்குள் மற்றப் பாதியையும் சேர்த்து முடிக்கலாம். துணி துவைக்கும் மெஷின் வாங்குவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததில் நாற்பத்தையாயிரத்தை எடுத்துக் கட்டினார். “இன்னும் ஒரு வருஷம் கையால தோய்க்கிறது. என்ன, கை இருக்குத்தானே” என்றார் என்னிடம். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நானும் தைரியம் வந்து மூன்றாம் கியருக்கு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கணவரிடம் போனது. அவருக்குத் தெரிந்தது பருப்பும் முட்டைப் பொரியலும்தான். முதல் மாதம் முழுக்க அதைச் சாப்பிட்ட நிருஷா, தாயின் வீட்டுப்பாடங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, “அம்மா, நிலையான செலவும் மாறும் செலவும் கலந்து எழுதியிருக்கிறீங்கள்” என்று பிழை பிடித்தாள். கணவர் ஐந்தாவது ஞாயிறு ஒரு மீன் குழம்பு வைத்தார். அதை அவர் யாரிடம் கேட்டு வைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தவணை நடுவில், தெரிந்த ஒரு வியாபாரத்தை ஆராய்ந்து எழுதும்படி ஹபீஸ் சொன்னார். சுபோதினி அக்கா ஸவாஹிர் நானாவிடம் அலுமாரிச் சாவியைக் கேட்டார். குற்ற உணர்ச்சியோடு இருந்த நானா ஏனென்று கூடக் கேட்காமல் கொடுத்தார். இவர் கடைசி இரண்டு வருட அட்டைகளை எடுத்து, மத்தியான வேளைகளில் ஒவ்வொன்றாக எண்ணினார். பெற்றோல், பயிற்சியாளர் சம்பளம், கார் தேய்மானம், ட்ரயலுக்குக் கார் கொண்டு போகும் நாள், எல்லாம் போட்டுப் பார்த்தால், கட்டும் காசில் ஒரு ஆளுக்குப் பதினைந்து பாடம் வரை தாக்குப் பிடிக்கலாம். அதற்கு மேல் கையிலிருந்து போகும்.

பயந்து பயந்து வரும் பெண்கள் சராசரியாகப் பதினாறு பாடத்தில் பாஸாகியிருந்தார்கள். எனக்குப் பத்தொன்பது, அதை அவர் மரியாதைக்காக என்னிடம் பிறகுதான் சொன்னார். உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. “எனக்கு ஓடத் தெரியும், லைசன்ஸ் மட்டும்தான் வேணும்” என்று வரும் இளந்தாரிகள். ஆரம்பப் பாடங்களுக்கு வரமாட்டார்கள், ட்ரயலில் பெயிலாவார்கள், பிறகு அதே காசில் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்களுக்குச் சராசரி இருபத்து நாலு.

எட்டுப் பக்கம் எழுதினார். ஹபீஸ் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். பிறகு சுபோதினி அக்கா அதே எட்டுப் பக்கத்தையும் நானாவின் மேசையில் வைத்தார். நானா கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை வாசித்தார். கல்குலேட்டரை எடுத்தார். தட்டிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

“யா அல்லாஹ்” என்றார். “கார் எல்லாம் நாள் முழுக்க ஓடுது, அப்ப லாபம்தான் எண்டு நெனச்சிட்டு ஈந்தேனே.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான் நானா.”

“இப்ப எனத்தச் செய்ற?”

“ஓடத் தெரியும் எண்டு வாற ஆளை முதல் நாளே ஒருக்கா ஓட்டிப் பாப்பம். எத்தினை பாடம் தேவை எண்டு சொல்லுவம். பாடத்துக்குப் பாடம் காசு.”

முதல் மாதம் ஆட்கள் குறைந்தார்கள். நானா இரண்டு தரம் பழைய விலைப் பலகையைத் தூக்கி மாட்டப் போய், சுபோதினி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் மாதம் அப்படியும் இப்படியுமாகப் போனது. மூன்றாம் மாதம், முதல் தடவையே பாஸாகிறார்கள் என்ற கதை லேன் லேனாகப் பரவியது. அந்த மாதக் கடைசியில் நானா தன் மேசைக்கு முன்னால் கதிரையொன்றை இழுத்துப் போட்டு, “இருங்க சுபோ” என்றார்.

“கொட்டாஞ்சேனைய நீங்க பாருங்க. எழுதியும் தாறேன்.”

சுபோதினி அக்கா உடனே சந்தோஷப்பட்டுத் துள்ளவில்லை. கிழமையில் மூன்று காலை காரில்தான் இருப்பேன் என்றார். அதோடு, பெண்களுக்குப் பழக்க இன்னொரு பெண்ணை எடுக்க வேண்டும், அவருக்குத் தானே பழக்குவேன் என்றார். நானா இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “அந்த மத்த டேர்முக்கு நான் காசு கட்டட்டுமா? நான்தானே தொடக்கி வச்சேன்” என்றார்.

“இப்ப வேண்டாம் நானா. கடை முதல்ல ஓடட்டும். வேலைக்கு நாலைஞ்சு பேர் வந்து எனக்குத் தலையிடி தரேக்க மனிதவளத்தைப் படிக்கிறன். அப்ப வந்து கேப்பன், மறக்க மாட்டன்.”

தவணைச் சோதனையை அவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். ஓ.எல்.லுக்குப் பிறகு எழுதிய முதல் படிப்புச் சோதனை. எத்தனையோ பேரை ட்ரயலுக்குக் கூட்டிப் போய், “பதறாதேங்கோ” என்று சொன்னவர், அன்று மூன்று பேனையோடு போய் மூன்றையும் கீழே விழுத்தினாராம். எழுபத்தொரு புள்ளி. கடிதத்தில் தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டு, திருத்தித் தரும்படி கவுண்டர்ப் பிள்ளையிடம் இரண்டு தரம் போய் வந்தார். சான்றிதழ் வேண்டாம் என்றவர், அந்தக் கடிதத்தில் மட்டும் பிழை இருக்க விடவில்லை.

நான் லைசன்ஸ் எடுத்து எட்டு மாதத்துக்குப் பிறகு, கொட்டாஞ்சேனைக் கிளையைப் பார்க்க என் தம்பியின் காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். சந்தைப் பக்கம், இரண்டு கார் ஒன்றையொன்று கடக்க முடியாத ஒழுங்கை. கடைக்கு முன்னால் வெங்காய லொறியொன்று குறுக்கே நின்றது. அதற்கு இந்தப் பக்கம், 'எல்' பலகையோடு புது வெள்ளைக் கார். அதன் சாரதி ஆசனத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கழுத்தில் ஜெபமாலையோடு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அவருக்கு முதல் பாடம். மெல்பேணில் இருக்கும் மகள், “இந்த வயதில் ஏன்” என்று கேட்டாளாம். அதற்காகவே சேர்ந்திருக்கிறார்.

சுபோதினி அக்கா இறங்கி ஒழுங்கை நடுவில் நின்றார். இடுப்பில் கை. லொறிச் சாரதியை அண்ணாந்து பார்த்து, “மல்லி, பொட்டக் பஸ்ஸட்ட கன்னகோ!” என்று, கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கூவினார். லொறி முனகிக்கொண்டு பின்னால் போனது. பிறகு காரின் பக்கம் திரும்பி, அந்த அம்மாவுக்கு இரண்டு கையாலும் வழி காட்டினார்.

“வாங்கோ அம்மா, வாங்கோ. நிறைய இடம் இருக்கு. லொறிக்காரன் பாத்துக்கொள்ளுவான், நீங்கள் நேர பாருங்கோ.”

கார் ஒரு முறை குலுங்கிவிட்டு முன்னால் வந்தது.